நீரிற் கரையா மருந்து

நோய் தீர்க்கும் பொருளொன்றைக் கண்டறிதல் ஒரு செயல். அப்பொருளை நோயுள்ள இடத்திற் கொண்டுபோய்ச் சேர்த்தல் பிறிதொரு செயல். முன்னதனை எல்லாரும் புகழ்வர். பின்னதனை நினைப்பவர் சிலரே. மருந்தை வாயிலிட்டு விழுங்கிய அளவில் அஃது உடம்பினுள்ளே சென்றுவிட்டதென்று நாம் எண்ணிக்கொள்ளுகிறோம். உண்மை அஃதன்று. வாய் முதல் எருவாய் ஈறாக உள்ள உணவுக்குழல், உடம்பின் ஊடே செல்லும் ஒரு நீண்ட சுரங்கத்தையே ஒக்கும். சுரங்கத்தின் வழியே செல்பவன் மலையினுள்ளே குடிபுகுந்தவனாகான். அதுபோலவே, குடலின் சுவரைக் கடந்து குருதியிற் கலந்தாலன்றி மருந்து உடம்பினுட் புகுந்ததாகாது.

குடற்சுவரைக் கடப்பதற்கு முதலில் வேண்டுவது கரைதல். கரையாத பொருள் எத்துணைச் சிறந்ததாயினும் கல்லையும் மணலையும் போல வந்த வழியே வெளியேறிவிடும். தாவரங்களினின்று பிரித்தெடுக்கப்படும் மருந்துப் பொருள்கள் பலவற்றுக்கு இக்குறை உண்டு. மலேரியாக் காய்ச்சலைத் தீர்க்கும் ஆர்டிமிசினின் நீரில் எளிதிற் கரைவதில்லை. ஆதலாலேயே வேதியியலார் அதனைச் சிறிது மாற்றி, நீரிற் கரையத்தக்க ஆர்டிசுனேட் என்னும் வடிவினையும் ஆக்கிக்கொண்டனர். இங்ஙனம் மூலக்கூற்றையே மாற்றுதல் ஒரு வழி. மூலக்கூற்றை மாற்றாது, மருந்தின் துகளை மட்டும் மிகமிக நுண்ணிதாக்குதல் மற்றொரு வழி. இரண்டாவது வழியின் இயல்பையும் பயனையும் எல்லையையும் ஈண்டு ஆராயப் புகுகின்றோம். இதற்கு எடுத்துக்காட்டாக மஞ்சளைக் கொள்வோம்; அஃது எல்லார் அடுக்களையிலும் உள்ளதாகலின்.

மஞ்சளின் வண்ணப்பொருள்

மஞ்சளுக்கு அதன் நிறத்தை அளிப்பது குர்க்குமின் என்னும் பொருள். 1815-ஆம் ஆண்டில் வோகெல், பெல்லெத்தியே என்னும் இருவர் இதனை மஞ்சட்கிழங்கினின்று பிரித்தெடுத்தனர். இதன் மூலக்கூற்றமைப்பு 1910-இல் போலந்து நாட்டு வேதியியலாரால் தெளிவாக்கப்பட்டது. ஒரு மூலக்கூற்றில் கரியணுக்கள் 21, நீரக அணுக்கள் 20, உயிரக அணுக்கள் 6 உள்ளன. உலர்ந்த மஞ்சளில் குர்க்குமினும் அதன் இனப்பொருள்களும் சேர்ந்து நூற்றுக்கு இரண்டு முதல் ஐந்து பங்கு வரையில் இருப்பது வழக்கம். எனவே, ஒரு தேக்கரண்டி மஞ்சட்பொடியில் இப்பொருள் ஏறக்குறைய 100 மில்லிகிராம் அளவே இருக்கும்.

சோதனைக்குழாயில் உயிரணுக்களை வளர்த்து அவற்றின்மேல் குர்க்குமினைச் செலுத்திப் பார்த்த ஆராய்ச்சியாளர், அஃது அழற்சியைத் தணிப்பதையும், சிலவகைப் புற்றணுக்களின் பெருக்கத்தைத் தடுப்பதையும் கண்டு வியந்தனர். வியப்பு ஆயிரக்கணக்கான கட்டுரைகளாக வளர்ந்தது. ஆயினும், சோதனைக்குழாயில் அணுவின்மேல் மருந்தை ஊற்றுதல் ஒன்று. மனிதன் விழுங்கிய மருந்து அவ்வணுவைச் சென்றெய்துதல் வேறொன்று. 1978-ஆம் ஆண்டில் ஸ்வீடன் நாட்டில் வால்ஸ்ட்ரோம், பிளென்னோ என்பார் எலிகளுக்கு, உடலெடையில் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் ஒரு கிராம் வீதம் குர்க்குமினை ஊட்டினர். அதில் நூற்றுக்கு 75 பங்கு மலத்தோடு வெளியேறிற்று. குருதியிற் காணப்பட்டதோ மிகச் சிறிது. 2006-இல் அமெரிக்காவில் நலமுள்ள தன்னார்வலர் 24 பேரிடம் நடந்த ஆய்வில், 8 கிராம் வரையில் ஒரே வேளையில் உட்கொண்டவர்களின் குருதியில் குர்க்குமின் காணப்படவே இல்லை. 10 கிராமும் 12 கிராமும் உட்கொண்டவர்களுள் இருவரிடம் மட்டும் சிறிது தென்பட்டது.

மூன்று தடைகள்

இதன் காரணம் யாது? குர்க்குமினின் வழியில் ஒன்றன்பின் ஒன்றாக மூன்று தடைகள் நிற்கின்றன.

முதலாவது, கரையாமை. சிறிதே புளிப்புள்ள நீரில், லிட்டர் ஒன்றுக்கு ஏறக்குறைய 11 மைக்ரோகிராம் அளவே குர்க்குமின் கரையுமென்று அளந்திருக்கின்றனர். இதனைத் தலைகீழாகக் கணக்கிட்டால், ஒரு கிராம் குர்க்குமினைக் கரைக்க 90,000 லிட்டர் நீர் வேண்டும். நமது வயிறு ஒரு குளமன்று.

இரண்டாவது, நிலையாமை. ஆரத்தி எடுக்குங்கால் மஞ்சள் நீரில் சுண்ணாம்பைக் கலந்தவுடன் அது செந்நிறம் பெறுவதை யாவரும் கண்டிருக்கிறோம். காரப்பொருள் சேருங்கால் குர்க்குமின் தன் நிலை திரிந்து நிற்பதையே அச்செந்நிறம் அறிவிக்கின்றது. அந்நிலையில் அது விரைவிற் சிதையவும் செய்யும். சுண்ணாம்பு நீர் அளவுக்குக் காரமும் வேண்டியதில்லை. உடற்சூடாகிய 37 பாகையில், பி.எச். 7.2 உள்ள கரைசலில் குர்க்குமினை இட்டு நோக்கியவர்கள், அரைமணி நேரத்திற்குள் பத்தில் ஒன்பது பங்கு சிதைந்துவிட்டதை 1997-இல் அறிவித்தனர். சிறுகுடலின் கீழ்ப்பகுதி ஏறக்குறைய இத்தன்மைத்தே.

மூன்றாவது, உடம்பே செய்யும் மாற்றம். குடற்சுவரும் கல்லீரலும் வாயிற்காவலரைப் போன்றவை. புதிய பொருளொன்று வந்தால், அதனோடு குளூக்குரோனிக் அமிலத்தையோ சல்பேட்டையோ பிணைத்து, எளிதில் வெளியேறத்தக்க வேறொரு பொருளாக்கி அனுப்பிவிடும். குடலினின்று வரும் குருதி முழுவதும் முதலில் கல்லீரலுக்கே செல்லுமாறு இயற்கை அமைத்திருத்தலின், முதல் இரு தடைகளையும் தப்பி வந்த குர்க்குமினுள்ளும் பெரும்பகுதி இங்கே உருமாறிவிடுகின்றது.

இம்மூன்றனையும் மாணவர் மனத்திற் பதித்துக்கொள்ள வேண்டும். இனி வரும் செய்திகளையெல்லாம், ‘இஃது எத்தடையை நீக்கிற்று?’ என்னும் ஒரே வினாவால் சீர்தூக்கலாம்.

நுண்மையின் பயன்

கற்கண்டு மெல்லக் கரைகிறது. அதனையே பொடியாக்கிய சர்க்கரை விரைந்து கரைகிறது. பொருள் ஒன்றே; வேறுபட்டது நீரைத் தொடும் பரப்பு. கரையும் விரைவு நீரைத் தொடும் பரப்பிற்கு ஏற்ப அமையும். நிறைகரைசலின் செறிவுக்கும் அப்போதுள்ள செறிவுக்கும் இடையேயுள்ள வேறுபாட்டிற்கு ஏற்பவும் அஃது அமையுமென்பதை நாய்ஸ், விட்னி என்னும் இரு அமெரிக்க அறிஞர் 1897-ஆம் ஆண்டிலேயே காட்டினர்.

ஒரு சிறு கணக்குச் செய்வோம். பக்கம் ஒரு சென்டிமீட்டர் உள்ள கனசதுரத்தின் புறப்பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதனைப் பக்கம் 100 நானோமீட்டர் உள்ள சிறு கனசதுரங்களாக வெட்டுவோமாயின், பத்துக் கோடி கோடித் துண்டுகள் கிடைக்கும். அவற்றின் மொத்தப் பரப்பு 60 சதுர மீட்டர். அதாவது, ஏறக்குறைய 650 சதுர அடி. விரல் நுனியில் அடங்கிய பொருள் ஒரு சிறு வீட்டின் தரை முழுவதும் விரிந்துவிட்டது. நானோமீட்டர் என்பது ஒரு மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு; நமது தலைமயிரின் பருமன் 80,000 நானோமீட்டர் அளவு இருக்கும். மருந்தியலில் பொதுவாக 1,000 நானோமீட்டருக்குக் குறைந்த மருந்துத் துகள்களையே நானோத்துகள்கள் என்கின்றனர்.

பரப்பு பெருகுவதோடு, துகள் மிகச் சிறிதாகுங்கால் அதன் கரைதிறனும் ஓரளவு உயர்கின்றது. மேலும், நுண்துகள்கள் குடலின் உட்புறத்தை மூடியுள்ள வழுவழுப்பான சளிப்படலத்தில் ஒட்டிக்கொண்டு, சுவருக்கு அணித்தாகவே நின்று கரைகின்றன. ஈண்டு ஒரு தவறான எண்ணத்தை விலக்குதல் நன்று. நானோத்துகள் சல்லடைக் கண்ணிற் புகும் மாவைப்போலக் குடற்சுவரைத் துளைத்துக்கொண்டு குருதியிற் புகுவதாகப் பலர் கருதுகின்றனர். குடலிலுள்ள சில தனிவகை அணுக்கள் சிற்சில துகள்களை முழுதாக விழுங்குவதுண்டு. எனினும், பெரும்பான்மையும் நிகழ்வது அதுவன்று. துகள் சுவரண்டையிற் கரைகிறது. கரைந்த மூலக்கூறுகளே உட்செல்கின்றன. துகள் சுமைவண்டியேயன்றிப் பயணியன்று.

துகளாக்கும் வகை

நானோத்துகளை ஆக்கும் முறைகள் இருவகைப்படும். பெரியதை அரைத்துச் சிறியதாக்கல் ஒன்று. மருந்துப் பொடியை நீருடன் கூட்டி, கடினமான சிறு மணிகள் நிரம்பிய ஆலையிற் பல மணி நேரம் சுழற்றுவர். மூலக்கூறுகளைக் கூட்டித் துகளாக்கல் மற்றொன்று. கரைந்துள்ள மருந்தைக் கரைக்காத நீர்மத்திற் சட்டென ஊற்றினால், அது மிக நுண்ணிய துகள்களாகப் பிரிந்து நிற்கும்.

இரண்டாம் முறையை நமது ஆய்வுக்கூடத்திலேயே ஒருவாறு காணலாம். மஞ்சட்பொடியைத் தண்ணீரிற் கலக்கி வடிதாளில் வடித்தால், கீழிறங்கும் நீரில் நிறம் மிகச் சிறிதே இருக்கும். அதே பொடியை எத்தில் ஆல்கஹாலிற் கலக்கி வடித்தால், தெளிந்த பொன்னிறக் கரைசல் இறங்கும். இக்கரைசலில் சில துளிகளை நிறைய நீரில் விட்டு உடனே கலக்கினால், நீர் கலங்கி மஞ்சளாகும். கலக்கத்திற்குக் காரணம், கரைய இயலாது பிரிந்து நிற்கும் நுண்துகள்கள். அதனை மறுநாள் வரை அசையாது வைத்து நோக்குமின்; துகள்கள் ஒன்றோடொன்று கூடிப் பருத்து அடியில் தங்குவதைக் காணலாம்.

இதுவே இத்துறையின் பெருந்தொல்லை. பரப்பு பெருகிய துகள்கள் மீண்டும் ஒன்றுகூடிப் பரப்பைக் குறைத்துக்கொள்ளவே விழைகின்றன. ஆதலின் ஒவ்வொரு துகளையும் தனித்து நிற்கச் செய்யக் காப்புப்பொருள் ஒன்று வேண்டும். பிசின், லெசித்தின், செல்லுலோஸிலிருந்து ஆக்கிய பொருள்கள் முதலியன இதற்குப் பயன்படுகின்றன. துகளை அரைத்தலினும் அரைத்த துகளைக் காத்தலே அரிது.

இம்முறை வெறுங்கற்பனையன்று. மாற்றிப் பொருத்திய சிறுநீரகத்தை உடம்பு விலக்காதிருக்க அளிக்கப்படும் சிரோலிமஸ் என்பது நீரிற் கரையா மருந்து. இது தாவரப் பொருளன்று. ஈஸ்டர் தீவின் மண்ணிற் கண்ட ஒரு நுண்ணுயிரியினின்று பெறப்பட்டது. முதலில் இஃது எண்ணெய்த் தன்மையுள்ள நீர்மமாகக் குளிர்ப்பெட்டியில் வைத்துக் காக்கவேண்டிய நிலையில் இருந்தது. நானோத்துகளாக அரைத்து ஆக்கிய இதன் மாத்திரை 2000-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. நோயாளர் பலர்க்கு அஃது எளிமையான வழியாயிற்று.

அளந்தது யாது?

குர்க்குமினிடத்து இம்முறை தந்த பயனைக் காண்போம். 2011-இல் ஜப்பான் நாட்டினர், ஏறக்குறைய 190 நானோமீட்டர் அளவுள்ள குர்க்குமின் துகள்களை ஆக்கினர். அவற்றைக் காக்க அவர்கள் கொண்டது, நம் நாட்டுக் காடுகளில் வளரும் வெக்காலி மரத்தின் பிசின். இத்துகளை 30 மில்லிகிராம் உட்கொண்டவர்களின் குருதியில், வெறும் பொடியை உட்கொண்டவர்களைவிட 27 மடங்கு குர்க்குமின் சேர்ந்ததாக அவர்கள் அறிவித்தனர். 2014-இல் ஜெர்மனியில் 23 பேரிடம் நடந்த ஆய்வில், நுண்ணிதாக அரைத்த பொடி 9 மடங்கும், சோப்பையொத்த பாலிசார்பேட் மூலக்கூறுகள் குர்க்குமினைச் சூழ்ந்து நின்ற நீர்மம் 185 மடங்கும் மிகுதியாகச் சேர்ந்தன.

இவ்வெண்களைக் கண்டு மகிழுமுன் ஒன்று வினவவேண்டும்: குருதியில் அளந்தது யாது? இத்தகைய ஆய்வுகள் பலவற்றில், குருதியை ஒரு நொதியுடன் சேர்த்து, கல்லீரல் பிணைத்துவிட்ட குளூக்குரோனிக் அமிலத்தைப் பிரித்த பின்னரே குர்க்குமினை அளக்கின்றனர். அங்ஙனமாயின், அளவிடப்பட்டது தன்னுருவில் நின்ற குர்க்குமின் மட்டுமன்று. உருமாறிப்போன குர்க்குமினும் அதனுட் சேரும். நானோத்துகள் முதல் தடையை வென்றது உண்மை. மூன்றாம் தடை பெரும்பாலும் நின்றபடியே நிற்கின்றது. வாயிலைக் கடந்தவரையெல்லாம் எண்ணிவிட்டு, அவருள் எத்தனை பேர் கைவிலங்குடன் சென்றனர் என்பதைக் கூறாது விடுதல் முழுக்கணக்கு ஆகாது.

மடங்குக் கணக்கிலும் ஒரு மயக்கம் உண்டு. அடிப்படை அளவு ஏறக்குறைய இன்மையாக இருக்குமிடத்து, 185 மடங்கு என்பதும் சிறிதாகவே இருத்தல் கூடும். ஒரு காசு உடையவன் நூறு மடங்கு பெற்றாலும் அவன் கையில் இருப்பது ஒரு ரூபாயே.

ஆய்வுக்கூடத்திலும் இத்தகைய பிழை நேரும். கரைந்த மருந்தை அளக்குங்கால், கரையாததை நீக்க 0.45 மைக்ரோமீட்டர் கண்ணுள்ள வடியில் வடிப்பது வழக்கம். அஃது 450 நானோமீட்டர். 200 நானோமீட்டர்த் துகள் அக்கண்ணின் வழியே எளிதில் நுழைந்துவிடும். கருவியோ அதனையும் கரைந்ததாகவே கணக்கிடும். ஆராய்பவன் விழிப்பிலனாயின், தான் ஆக்கிய துகள் முழுதும் கரைந்துவிட்டதென்று தன்னையே ஏமாற்றிக்கொள்வான்.

2017-ஆம் ஆண்டில் அமெரிக்க வேதியியலார் சிலர் குர்க்குமினைப் பற்றிய ஆராய்ச்சிகளையெல்லாம் தொகுத்து ஆய்ந்தனர். நோயாளரும் மருத்துவரும் அறியாவாறு மருந்தையும் போலிமருந்தையும் பகிர்ந்தளித்து ஒப்பிட்ட ஆய்வு எதுவும் அதுவரையில் குர்க்குமினுக்கு வெற்றி தரவில்லை என்பது அவர்கள் கண்ட முடிவு. இம்முடிவை மறுத்துரைப்பாரும் உளர். ஆயினும், குருதியிற் சேரும் அளவு உயர்ந்தது என்பது நோய் தீர்ந்தது என்பதாகாது என்னும் உண்மையை எவரும் மறுக்கவியலாது.

மிகுதியின் தீங்கு

மூன்றாம் தடையை நீக்க வழியே இல்லையோ எனின், உண்டு. அதுவும் நமது அடுக்களையிலேயே உளது. மிளகின் காரத்திற்குக் காரணமாகிய பைப்பரின் என்னும் பொருள், குடலிலும் கல்லீரலிலும் நிகழும் பிணைப்பைத் தடுக்கின்றது. பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியினர் 1998-இல் வெளியிட்ட ஆய்வில், 2 கிராம் குர்க்குமினுடன் 20 மில்லிகிராம் பைப்பரினைச் சேர்த்து அளித்தபோது, மனிதரின் குருதியிற் சேர்ந்த அளவு ஏறக்குறைய 20 மடங்காயிற்று. மஞ்சளும் மிளகும் இட்ட பாலை இருமலுக்கு அளிக்கும் வழக்கம் நம்மிடை உள்ளதே. முன்னோர் இவ்வேதிநுட்பத்தை அறிந்திருந்தனர் என்று சொல்வதற்குச் சான்றில்லை. நல்ல வழக்கம் ஒன்று காரணம் அறியப்படாமலே நிலைபெறுதல் கூடும்.

ஆயின், காவலரை உறங்கச் செய்தால் நண்பர் மட்டுமோ உட்புகுவர்? வலிப்புநோய்க்கு அளிக்கும் பெனிடாயின் முதலிய வேறு மருந்துகளின் அளவையும் பைப்பரின் குருதியில் உயர்த்துவது காணப்பட்டுள்ளது. நோயாளர் தாமே வாங்கி உட்கொள்ளும் மாத்திரை, மருத்துவர் அளந்து கொடுத்த மருந்தின் அளவைக் குலைக்கலாம்.

இதனினும் கவலைக்குரியது கல்லீரலின் செய்தி. 2019-இல் இத்தாலி நாட்டில், மஞ்சட்சத்து மாத்திரைகளை உட்கொண்டவர் பலர்க்குக் கல்லீரல் அழற்சி கண்டது. 2022-இல் அவ்வரசாங்கம் இம்மாத்திரைகளின் மேல் எச்சரிக்கை பொறிக்கப்பட வேண்டுமென விதித்தது. அமெரிக்காவில் கல்லீரற்கேட்டை ஆராயும் மருத்துவர் குழுவினர், மஞ்சட்சத்தால் நேர்ந்த பத்து நிகழ்ச்சிகளை 2022-இல் வெளியிட்டனர். பதின்மருள் ஐவர் மருத்துவமனையிற் சேர்க்கப்பட்டனர். ஒருவர் உயிர் நீத்தார். பரிசோதிக்கப்பட்ட ஏழு மாத்திரைகளுள் மூன்றில் மிளகுச்சத்தும் இருந்தது. எழுவரிடம் ஒரே வகை மரபுக்குறி காணப்பட்டமையால், எல்லார்க்கும் இத்தீங்கு நேருமென்று அஞ்ச வேண்டுவதில்லை. ஒருசிலர் பிறவியிலேயே இதற்கு எளியராயிருக்கக்கூடும். இவை அரிய நிகழ்ச்சிகளே. எனினும், நமக்கு ஒரு பாடம் உண்டு. ‘மஞ்சள் நாம் நாடோறும் உண்பது, ஆதலின் அதன் சத்தும் தீங்கற்றது’ என்னும் வாதம் செல்லாது. குழம்பில் இடும் மஞ்சள் கேடு செய்யாமைக்கு ஒரு காரணம், அதில் மிகச் சிறுபங்கே குருதியை எட்டுவது என்று கருத இடமுண்டு. எட்டாததை எட்டச் செய்வதே நமது முயற்சியாயின், எட்டிய பின் அது யாது செய்யும் என்று புதிதாக ஆராய்தலும் நமது கடனாகும். கரையாமை என்னும் தடையை நீக்குபவர், அத்தடை இதுகாறும் அளித்துவந்த காவலையும் உடன் நீக்குகின்றனர்.

முடிவுரை

இக்கல்லூரியிற் பயிலும் நண்பர் சிலர் நாளை மருந்தாளராகவும் வேதியியலாராகவும் விளங்குவர். மற்றையோரும் தம் வீட்டு முதியோர்க்கு மருந்து வாங்கிக் கொடுப்பவராயிருப்பர். ‘நானோ’ என்னும் சொல் பொறித்த புட்டிகள் அவர்கள் கைக்கு வரும். அப்பொழுது மூன்று வினாக்களை மறவாது கேட்பாராக. இஃது எத்தடையை நீக்குகின்றது? குருதியில் அளந்தது மருந்தையோ, அதன் உருமாறிய எச்சத்தையோ? அளவு உயர்ந்தபின் நோயாளர்க்கு நேர்ந்த நன்மையும் தீமையும் யாவை? கல்லீரல் நோயுடையோரும், பித்தக்குழாய் அடைப்புடையோரும், வேறு மருந்துகளை நாடோறும் உட்கொள்வோரும் தம் மருத்துவரைக் கேளாது இத்தகைய மாத்திரைகளைத் தொடுதல் தகாது.

நானோத்துகளின் கலை பொய்யன்று. சிரோலிமஸ் அதற்குச் சான்று. தாவரங்களிலுள்ள நற்பொருள்கள் பலவும் கரையாமை ஒன்றாலேயே பயன்படாது கிடக்கின்றன. அவற்றுக்கு இக்கலை வழி திறக்கக்கூடும். வழி திறப்பவனுக்கு வேண்டிய குணம் அளவில் உண்மை. மருந்தை நூறு நானோமீட்டராக நுணுக்குதல் ஆலையின் வேலை. தான் கண்டதற்கும் காண விரும்பியதற்கும் உள்ள வேறுபாட்டை நுணுகி நோக்குதல் மாணவன் வேலை.